தண்டோராவில் சேர்த்த வரி

எங்கள் சங்கம் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், மேடையில் இருக்கும் பெரிய மனிதர்கள் உடனே சேவை, தியாகம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சிரிப்பு வெளியே தெரியக்கூடாதே என்று. அது வளர்ந்தது ஒரு பொய்யால். பொய்யைச் சொன்னவன் என் அண்ணன். சொல்லச் சொல்லி அவன் உயிரை வாங்கியவள் நான். அதில் எனக்கு இம்மியளவும் வெட்கம் கிடையாது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நூம்பலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர்கூட இல்லை, ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய சேரி. அப்பா போன பிறகு வெட்டியான் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. பிணத்துக்குக் குழி வெட்டுவதும், மணியக்காரர் சொல்வதைத் தெருத்தெருவாகத் தண்டோரா போடுவதும் அவன் வேலை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் பண்ணைக்காரர் வீட்டு மாடுகளை மேய்த்தேன். சேரியில் வீட்டுக்கு ஓர் ஆள் அவர் மாட்டோடு போகவேண்டும் என்பது வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் முதுகில் விழும். எங்கள் வீட்டுக்கு நான் போனேன்.

சங்கம் சடுகுடு ஆடத்தான் ஆரம்பித்தது. கோடையில் ஏரி வற்றியதும் சேரி வாலிபர்கள் அதற்குள் இறங்கி ஆடுவார்கள். அவர்களில் ஒருத்தர் ரயிலேறிப் பட்டணத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போய் வந்தவர், எழுத்துத் தெரிந்தவர். ஒரு நாள் அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஆட முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பக்கத்தில் இருந்தவனுக்கு மணலில் 'அ' போட்டுக் காட்டினார். கல்விப் பணி தொடங்கிய வரலாறு இவ்வளவுதான். பிறகு எல்லோருமாகப் பனையோலை கொண்டுவந்து கரைமேல் ஒரு கொட்டகை போட்டார்கள்.

இருந்தது ஒரே ஒரு பாடப் புத்தகம். சாயங்காலத்தில் அண்ணன் அதை மடியில் வைத்துக்கொள்வான், பட்டறைக்காரர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துச் சொல்லித் தருவார். ஆம்பிளைகள் பக்கத்தில் நான் உட்காரலாமா? எதிரே உட்கார்ந்தேன். அண்ணன் 'ங'வில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் எதிரே இருந்தபடியே புத்தகத்தை முடித்துவிட்டேன். தலைகீழாக. இன்றுகூட ஒரு காகிதத்தைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தால் நேராகப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பேன்.

சேரிப் பிள்ளைகள் சாயங்காலம் படிக்க வந்தால் தூங்கி விழுந்தார்கள். விடியலிலிருந்து மாட்டோடு அலைந்த பிள்ளைகள் வேறென்ன செய்யும்? அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. உச்சிவெயிலில் மாடுகள் கொட்டகைப் பக்கத்துப் புங்கமர நிழலில் படுத்து அசைபோடும். அந்த நேரம் மேய்க்கிற எங்களுக்கு வேலை கிடையாது. அதில் படிக்கலாமே. வாலிபர்கள் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் நானே வாத்தியார் ஆனேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கலாம். அதட்டல் மட்டும் ஐம்பது வயசுக்காரி அதட்டல்.

நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆத்திசூடி மாதிரி ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது, செவலைப் பசு எழுந்து போய்ப் பண்ணைக்காரரின் கத்திரித் தோட்டத்தில் புகுந்துவிட்டது. சாயங்காலம் அவர் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாடு மேய்க்கிற கழுதைக்கு எழுத்து இன்னாத்துக்குடா? அடுத்த மாசம் உன் தங்கச்சிய திருநின்றவூர்ல என் பொண்ணு ஊட்டுக்கு அனுப்பிடு. அங்க மாட்டுக் கொட்டாய்ல ஆளு இல்ல. அங்கியே கெடக்கட்டும்" என்றார்.

அனுப்பினால் திரும்பி வருவதாவது. அங்கேயே சாணி அள்ளி, அங்கேயே எவனுக்காவது கட்டிவைத்து, அங்கேயே சாகவேண்டியதுதான். அம்மா அன்று சோறு வடிக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த வாரம் ஏரிக்கரை பழுதுபார்க்கப் போகிறார்கள், கரைமேல் மாடு விடக்கூடாது என்று தண்டோரா போடும்படி மணியக்காரர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீ அடிச்சா சர்க்காரு சொன்ன மாதிரிதானே?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"கூட ஒரு வரி சேத்து அடி."

அவன் பறையைக் கீழே வைத்துவிட்டான். மணியக்காரர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ எந்த வெட்டியானும் துணிந்ததில்லை. தாத்தா காலத்திலும் இல்லை, அவருக்கு முந்தியும் இல்லை. அதனால்தான் தண்டோராவைக் கேட்டவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட்டதும் இல்லை. "என் தோல உரிச்சி இந்தப் பறைக்கே கட்டிடுவாங்கடி" என்றான். நான் விடவில்லை. திருநின்றவூருக்குப் போகிற வழியில் ஏதாவது கிணற்றில் குதிப்பேன் என்றேன். குதித்திருக்க மாட்டேன், எனக்கு நீச்சல் தெரியும். அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை ஊர் நடுத்தெருவில் அண்ணன் குரல் கேட்டது. "இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, ஏரிக்கரைமேல மாடு வுடக்கூடாது. சேரியில பதினஞ்சு வயசுக்குள்ள கீற ஆண்புள்ள பொண்புள்ள அத்தினியும் பகல்ல கரைக் கொட்டாய்ல படிக்கணும். தடுக்கிறவங்க மேல சர்க்காரு நடவடிக்கை எடுக்கும்." குரலில் நடுக்கம் இருந்தது. பறைச் சத்தத்தில் அது மறைந்துபோனது.

பண்ணைக்காரருக்கும் மணியக்காரருக்கும் ஒரு வரப்புக்காகப் பூந்தமல்லிக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பண்ணைக்காரர், தன்னை மாட்டிவிட மணியக்காரன் வைத்த பொறி இது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளை விட்டுவிட்டார், திருநின்றவூர்ப் பேச்சையும் எடுக்கவில்லை. மணியக்காரர் காதில் விஷயம் விழுந்தபோது, தன்னை மட்டம்தட்டப் பண்ணைக்காரன் மேலே யாரையோ பிடித்துத் தனக்குத் தெரியாமல் உத்தரவு வாங்கிவிட்டான் என்று நினைத்து, அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட மானம் இடம் கொடுக்காமல் இருந்துவிட்டார். இப்படி இரண்டு பெரிய தலைகளின் நடுவே எங்கள் பள்ளிக்கூடம் சுகமாக நடந்தது. கொட்டகை நிரம்பி, வெளியேயும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

கரை வேலையைப் பார்க்க சைதாப்பேட்டையிலிருந்து தாசில்தார் வந்தார். பண்ணைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் முன்னால் போய் நின்றார். மணியக்காரரும் அங்கேதான் இருந்தார். அண்ணன் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றான். நான் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"எஜமான், மாடு மேய்க்கிற பசங்க படிக்கணும்னு உத்தரவு போட்டீங்களாமே?" என்றார் பண்ணைக்காரர்.

"நான் அப்படி எதுவும் போடவில்லையே" என்று சொல்லிவிட்டு தாசில்தார் மணியக்காரரைப் பார்த்தார்.

இல்லை என்று மணியக்காரர் ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணனுக்கு அடியும் வேலைநீக்கமும், எனக்குத் திருநின்றவூரும். மணியக்காரர் அண்ணனை ஒரு முறை பார்த்தார். பிறகு பண்ணைக்காரர் முகத்தில் இருந்த இளிப்பைப் பார்த்தார். தன் ஊரில் தனக்குத் தெரியாமல் ஒரு தண்டோரா போடப்பட்டது என்று அந்த ஆளின் எதிரில் ஒத்துக்கொள்வதைவிட அவர் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

"நான்தாங்க போடச் சொன்னேன். ஊரு முன்னேறணுங்களே" என்றார்.

தாசில்தாருக்கு மெத்தச் சந்தோஷம். கொட்டகையைப் பார்த்தே தீரவேண்டும் என்று வந்துவிட்டார். முன்னால் இருந்த பையனிடம் புத்தகத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். அவன் வாங்கினான், பக்குவமாகத் தலைகீழாகத் திருப்பி வைத்தான், கடகடவென்று படித்தான். தாசில்தார் புத்தகத்தை நேராக்கிக் கொடுத்தார். அவன் மறுபடி திருப்பிக்கொண்டான். மனப்பாடம் என்று நினைத்து, பையிலிருந்து ஏதோ அச்சுத்தாளை எடுத்து நீட்டினார். அதையும் கவிழ்த்துப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான் பையன். அடுத்த பிள்ளையும் அப்படியே. எனக்கு வந்த வழியில்தானே அவர்களுக்கும் வரும்.

"உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்?" என்றார் தாசில்தார், சிரிப்பை அடக்க முடியாமல்.

அத்தனை விரல்களும் என்னை நோக்கி நீண்டன. மணியக்காரருக்கு விழி பிதுங்கிவிட்டது.

"ஒரு பெண்ணையா வாத்தியாராக வைத்தீர்கள்?"

மணியக்காரர் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமாங்க. நம்ம ஏற்பாடுதாங்க."

தாசில்தார் அவரை மெச்சிவிட்டுப் போனார். அவர் வண்டி மறைந்ததும் மணியக்காரர் அண்ணன் பக்கத்தில் வந்து, "டேய், அந்த வரி யாரு சொன்னதுடா?" என்றார்.

"நீங்கதானே ஆண்டே" என்றான் அண்ணன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அவர் முறைத்தார். "ஆங். நூம்பல்ல என் மச்சான்தான் மணியம். அங்கியும் போயி அடி. நான் சொன்னேன்னு சொல்லு."

அப்படித்தான் இரண்டாவது கொட்டகை வந்தது. அதன்பின் அம்பத்தூர்ப் பக்கம் ஒன்று. உலக யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய சமயத்துக்குள் எங்கள் வாலிபர்கள் பல சேரிகளில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் நான் போய் முதல் எழுத்தைப் போட்டேன். இப்போது நேராக.

பண்ணைக்காரர் மட்டும் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைதானே படிக்கவேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள் மாட்டோடு வந்தாகவேண்டும் என்றார். எங்கள் வீட்டிலிருந்து அம்மா போனாள். கரை வேலை முடிந்து தடை நீங்கிய பிறகு, உச்சிவெயிலில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகைக்கு வெளியே நிற்பாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டேன்.

"மாட்ட யாரு பாத்துப்பா? நீ உரக்கச் சொல்லு, எனக்குக் காது கீது" என்பாள்.

உரக்கத்தான் சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாடம். கூழ் காய்ச்சும்போதும் நாற்று நடும்போதும் ராகம் போட்டுச் சொல்வாள், ஒரு வரி பிசகாது. ஆனால் சாகிற வரைக்கும் அவளுக்கு ஓர் எழுத்துக்கூட அடையாளம் தெரியாது. ஊர் ஊராகப் போய் யார் யார் பிள்ளைகளுக்கோ கை பிடித்து எழுதச் சொல்லித் தந்தேன். எனக்குப் பதிலாக மாட்டோடு போனவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் உள்ளே உட்காரவைக்க முடியவில்லை. அந்த ஆத்திரம் மட்டும் எனக்கு இன்னும் தணியவில்லை.