கேட்டு மூடியிருந்த நேரம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடினால் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நிற்கிறவர்கள் திட்டத்தான் செய்வார்கள். கூட்ஸ் வண்டி லேசில் போகாது. பாதி போய் நிற்கும், பின்னாலேயே திரும்பி வரும். என் அத்தை ஒருத்திதான் கேட்டு மூடினால் சந்தோஷப்படுவாள். திறந்திருந்தால் வழியிலேயே நின்று, நன்றாக இருக்கிற என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டுவாள்.

அத்தை, நைனாவின் தங்கை. நைனா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அவருக்கு மதியச் சோறு கொண்டுபோவது அத்தை. வயசுப்பெண் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்புவாள்.

கேட்டில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை முதலாளியின் மகன் சைக்கிளோடு நிற்பார். அவர்கள் கடைக்கு வருகிற துணி மூட்டையைத்தான் நைனா தூக்குவார். வேறெங்கேயும் முதலாளி மகனும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. கேட்டில் யாரும் யார் பக்கத்திலும் நிற்கலாம். என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள்.

"இன்னா நீ, ரேடியோல சேதி படிக்கிறா மாரியே பேசுற?" என்று அத்தை கேலி செய்வாள். எனக்கு அவர் மிட்டாய் அண்ணன். அதனால் கேட்டு மூடினால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு நாள் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் தெரிந்துவிட்டதாம், வெளியூருக்கு அனுப்பப் போகிறார்களாம். நாளைக்கு இதே நேரம் கேட்டைத் தாண்டி ஷெட்டுப் பக்கம் நிற்பதாகவும், பேசின் பிரிட்ஜ் போய் ரெண்டு பேரும் ரயில் ஏறிவிடலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் அத்தை இன்னொரு பையில் ஒரு புடவையை மடித்து எடுத்துக்கொண்டாள். வழியில் என்னிடம், "நைனாக்கு நீயே சோறு குடுத்துடுவியாடி? பயப்படாம போவியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

போனால் கேட்டு மூடியிருந்தது. எனக்குக் குஷி. அத்தை முகமோ அழப்போகிற மாதிரி இருந்தது. கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுகொண்டு நகரவே இல்லை. நான் குள்ளம். பெட்டிக்கு அடியில் எனக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. சைக்கிள் சக்கரம், பக்கத்தில் அவருடைய தோல் செருப்பு.

"அந்தாண்ட மிட்டாய் அண்ணன் நிக்கிறாரு அத்தே."

அத்தை குனிந்து பெட்டிக்கு அடியில் நுழையப் போனாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. கேட்டுக்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏம்மே, சாவ வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு?"

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கார்ச் சக்கரம் வந்து நின்றது. பளபளவென்று பூட்ஸ் கால்கள் இறங்கி அந்தச் செருப்பைச் சூழ்ந்துகொண்டன. சைக்கிள் விழுந்தது. கார் போய்விட்டது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், "செருப்பு ஒண்ணுதான் கீது அத்தே" என்றேன்.  என் தோளில் இருந்த அத்தையின் கை இறுகியது.

கேட்டு திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து ஓடினார்கள். அத்தை கடைசியாகப் போனாள். விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் நைனாவுக்குச் சோறு போட்டாள்.

அவர் திரும்பி வரவே இல்லை. அத்தையை எண்ணூரில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு நாங்கள் திரும்பும்போது கேட்டு திறந்தே இருந்தது. அத்தை ரிப்பன் கட்ட நிற்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே விடுவிடுவென்று நடந்தாள். மூடியிருந்தபோதும் அழுகை, திறந்திருந்தாலும் அழுகை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னேன்.

"அழாத அத்தே. நாளிக்கி மறுபடியும் மூடுவாங்கோ."