பதினான்காவது குழியில் ஓரடி

பேணாட்டை எனக்கு நாற்பது வருசமாகத் தெரியும். அத்தனை வருசமும் அவன் மேல் பொறாமைதான். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் களஞ்சியக் கிளாக்கர், அவன் கிரேன் ஓட்டுநர். கப்பலில் இருந்து இறக்கும் பெட்டியை முட்டை வைப்பதுபோல் தரையில் வைப்பான். கப்டன்மார்கூட நின்று பார்ப்பார்கள். இந்தக் கனகரத்தினம், நான், வேலை செய்வதை யார் நின்று பார்த்தார்கள்?

பென்சன் எடுத்தபின் இருவரும் சீனக்குடாப் பக்கம் கோல்ப் ஆடப் பழகினோம். எனக்கு மகன் கனடாவிலிருந்து பை நிறையப் புது மட்டைகள் அனுப்பினான். பேணாட்டிடம் யாரோ கழித்துவிட்ட நாலு மட்டை. அந்த நாலை வைத்தே ஞாயிறு தோறும் என்னைவிடக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு வென்றான். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். எனக்குக் காற்றும் வெயிலும் மாட்டுச் சாணமும்.

அவன் கள்ளம் செய்கிறான் என்றே நம்பினேன். காலால் பந்தைத் தள்ளுகிறானா என்று பற்றைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒருநாள் அவன் மட்டை தவறிப் பட்டுப் பந்து ஒரு விரற்கடை அசைந்தது. கண்டவர் இல்லை என்றுதான் அவன் நினைத்திருப்பான். ஆனாலும் என்னைக் கூப்பிட்டுத் தனக்கு ஓரடி கூட்டி எழுதச் சொன்னான். கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி.

போன ஆவணியில் கோப்பைக்கான ஆட்டம். ஒருவர் எத்தனை அடி அடித்தார் என்பதை மற்றவர் அட்டையில் எழுதுவது வழமை. ஆடினவர் கையெழுத்து வைத்துவிட்டால், அடித்ததைவிடக் கூடுதலாக எழுதியிருந்தாலும் அதுதான் முடிவு. முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். இருவரும் சமம். சமம் என்றால் இன்னொரு குழி ஆடவேண்டும். அதில் அவன்தான் வெல்வான். பேணாட் தண்ணீர் குடிக்கப் போன நேரம், பதினான்காவது குழியில் அவனுக்கிருந்த ஐந்தை அழித்து ஆறு ஆக்கினேன்.

அட்டையைப் பார்த்தவனின் விரல் அந்த இடத்தில் நின்றது.

"பதினாலாவதில ஆறோ, கனகண்ணை? நான் அஞ்செண்டெல்லோ நினைச்சனான்."

"புல்லுக்குள்ள ரெண்டு தரம் அடிச்சனீர். மறந்துபோனீரோ?"

விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். கோப்பை என் வீட்டு அலுமாரிக்கு வந்தது. இரண்டு நாள் சந்தோசமாகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் சந்தையில் அவன் மனைவி திரேசம்மாவைக் கண்டேன். பேணாட் ஞாபக மறதிக்கு டொக்டரிடம் போயிருக்கிறான் என்றார். அவன் தாய்க்கும் இப்படித்தான் சின்னச் சின்ன மறதியில் தொடங்கியதாம், கடைசியில் பெற்ற பிள்ளையையே தெரியாமல் போனதாம். இரவில் நித்திரை இல்லாமல் அந்தப் பதினான்காவது குழியைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறானாம். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். கோப்பையும் நினைவுக்கு வந்தது. நல்ல டொக்டரிடம் காட்டுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பேணாட் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது.

"இனி நான் ஒருத்தற்ற அட்டையும் எழுதமாட்டன், கனகண்ணை. என்ர எண்ணிக்கையில எனக்கே நம்பிக்கை இல்லை. நீங்கள்தான் எனக்கும் சேர்த்து எண்ணவேணும். பிழை விட்டா மறைக்காமல் சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அவன்மேல் பொறாமைதான். ஒரு மனிசனை இப்படி நம்ப என்னால் ஏலாது.