தவளை வாங்கிய கல்லூரி

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பின் ஜன்னலைத் திறந்தால் பெரிய பள்ளம் ஒன்று தெரியும். அதைத் தாண்டி உடைமரங்கள், அப்புறம் உப்பளம். ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்துவிட்டால் தவளைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. மாணவர்கள் சிரிப்பார்கள், நான் தொண்டை வறளக் கத்துவேன். கோடையில் தண்ணீர் வற்றியதும் சேற்றோரத்தில் நெடுங்கால் உள்ளான்கள் முட்டையிடும். அந்தப் பறவை தன் நீண்ட சிவப்புக் காலை மடக்கி அடைகாக்க உட்காருவதைப் பார்க்கவே விடுமுறையிலும் கல்லூரிக்குப் போவேன்.

மற்றவர்களுக்கு அது கொசுப் பள்ளம். ஒரு கோடையில் அதை விளையாட்டு மைதானமாக்க முடிவு செய்தார்கள். கிழக்கே மேட்டு நிலம் சும்மா கிடக்கிறதே, அங்கே வைத்தால் என்ன என்று கேட்டேன். அங்கே வைத்தால் முதல்வர் அறை ஜன்னலிலிருந்து தெரியாதாம். இதுதான் காரணம். இதற்கு மேல் ஒரு காரணமும் யாரும் சொல்லவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் உப்பளக் குடும்பத்துக்காரர். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை ஊற்றினால் புல் முளைக்காது, தூசி பறக்காது என்றார். உப்பளத்துப் பாதைக்கு அப்படித்தான் ஊற்றுவார்களாம். பாதைக்கு ஊற்றட்டும், யார் வேண்டாமென்றது? சேற்றுக்குள் தவளைகள் புதைந்து கிடக்கிற இடத்தில் ஊற்றலாமா?

முதல்வர் ஒரு பாதிரியார். அவரிடம் போய், குஞ்சு பொரிக்கும்வரையாவது பொறுங்கள் என்று கெஞ்சினேன். இவ்வளவு பெரிய கடற்கரையில் அந்தக் குருவிக்கு வேறு இடமா கிடைக்காது என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடற்கரையில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

டேங்கர் லாரி வந்தது. பள்ளத்தை மண்ணால் மூடி, மேலே கசப்புத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். உள்ளான்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. அன்று மாலை உடற்பயிற்சி ஆசிரியர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே முட்டைகள்.

"மேடம், உங்க மியூசியத்துக்கு ஆகும்லா? உடையாமத்தான் எடுத்தாந்திருக்கேன்."

நான் இத்தனை நாள் அலைந்தது எதற்கென்று அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். விலங்கியல் என்றால் பாட்டிலும் ஃபார்மலினும் என்று அந்தக் கல்லூரியே நம்பியிருந்தது, அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? ஆனால் அன்று அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது.

அந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. ஓரத்து வேப்பமரங்கள் ஏற்கெனவே கருகிவிட்டன. பூச்சியில்லை, ஓணான் இல்லை, கரிச்சான்கூட வரவில்லை. செய்முறை வகுப்பில் அறுத்துப் பார்க்கத் தவளை வேண்டும். எங்கள் அட்டெண்டர் விளாத்திகுளம் கண்மாயில் பிடித்தவர்களிடம் விலைக்கு வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். செலவுச் சீட்டைப் பார்த்துவிட்டு முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம காம்பவுண்டுக்குள்ளயே தவள கத்திக்கிட்டுக் கெடக்குமே, எதுக்கு வெளியூர்ல வாங்குதீங்க?"

அவர் கேலி பேசவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. நான் போய் அவருடைய ஜன்னலைத் திறந்தேன். வெளியே மைதானத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது.

"கேளுங்க ஃபாதர்" என்றேன்.

அவர் சிறிது நேரம் காது கொடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றார்.