தேய்க்க வேண்டாம் என்றவள்

என் தம்பி உபகாரசாமிக்கு இரண்டு மக்கள். மூத்தவன் ஜெரின் சேலத்தில் லாரி ஆபீஸில் இருக்கிறான். இளையவள் அக்சிலியா நர்ஸ். சங்ககிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவசர வார்டு அவள் பொறுப்பு. எங்கள் வம்சத்திலேயே கை பதறாதவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு வந்த கேடு இது.

போன சித்திரையில், வெயில் ஏறிய நேரம், அன்பு என்று ஒருவனைத் தூக்கி வந்தார்கள். கோழிக்கறி உறைய வைக்கிற கம்பெனியில் வேலை. முந்தின நாள் சாயங்காலம் அவன் குளிர் ரூமுக்குள் இருப்பதைப் பார்க்காமல் யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். காலையில் கறி ஏற்ற வந்தவர்கள்தான் கண்டது.

"ஊரே வெந்து கெடக்குது, இவன் வெறைச்சு வந்திருக்கானே" என்றான் ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாரி.

"வாயைக் குறை மாரி. முட்டை அட்டை தூக்குற மாதிரி தூக்கு. குலுங்கினா நெஞ்சு நின்னுபோகும்" என்றாள் அக்சிலியா.

அன்புக்கு நடுக்கம்கூட இல்லை. நடுங்குகிறவனுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, நடுக்கம் நின்றவனைத்தான் பயந்து பார்க்கணும் என்பாள் அக்சிலியா. கழுத்தில் விரல் வைத்து வெகுநேரம் காத்திருந்தாள். எங்கோ ஒரு துடிப்பு. தெர்மாமீட்டரில் ஒன்றுமே ஏறவில்லை. ஏசியை நிறுத்தச் சொன்னாள். ஈரச் சட்டையை உருவாமல் கத்தரியால் வெட்டி எடுத்தாள். சுடுதண்ணிப் பையைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சோரத்திலும் வைத்தாள். கை காலைத் தொடவில்லை. அங்கே தேங்கின குளிர்ந்த ரத்தம் ஒரேயடியாகத் திரும்பினால் நெஞ்சு தாங்காதாம்.

அதற்குள் அவனைப் பெற்றவள் வள்ளியாத்தாள் வந்துவிட்டாள். மடியில் சுக்குப் பொடி. நம் பக்கம் யாருக்கு உடம்பு சில்லிட்டாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சுக்குப் பொடி வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பதுதானே வழக்கம்.

"தேய்க்காதீங்க ஆத்தா. அசைக்கவே கூடாது."

"ஏஞ் சாமி, இப்புடி ஐஸாக் கெடக்கறானே. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றயா?"

"நெஞ்சு சூடாகட்டும் ஆத்தா. கை காலு அப்புறந்தான்."

அவள் தலையாட்டினாள். அதை நம்பி, சலைன் பாட்டிலை இளஞ்சூடாக்கி எடுத்துவர அக்சிலியா அடுத்த அறைக்குப் போனாள். டாக்டர் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாரி போர்வை தேடிப் போயிருந்தான்.

திரும்பி வந்தால், வள்ளியாத்தாள் மகன் காலை மடியில் இழுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தேய்க்கிற வேகத்தில் கட்டிலே ஆடுகிறது. அக்சிலியா அவள் கையைத் தள்ளிவிட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை.

குளிரில் நின்ற நெஞ்சு சூடேறினால் திரும்ப ஓடினாலும் ஓடும் என்று டாக்டரும் அவளும் மாரியும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். சலைன் ஏறிக்கொண்டே இருந்தது. உடம்பு மெல்ல மெல்லச் சூடானது. நெஞ்சு மட்டும் ஓடவில்லை. பொழுது சாயும்போது டாக்டர் கையை எடுத்தார்.

அதுவரை வெளியே நிறுத்தி வைத்திருந்த வள்ளியாத்தாள் உள்ளே வந்து மகன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு வந்துருச்சுங்களே" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

அக்சிலியாதான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு வள்ளியாத்தாள் அழவில்லை.

"இன்னம் நாலு தேய்ப்பு தேய்ச்சிருந்தா எம்மவன் பொழச்சிருப்பான். நீதான் கையத் தள்ளி வுட்டுட்ட."

அந்தப் பேச்சு ஊரெல்லாம் போயிற்று.

"உள்ளதைச் சொல்லித் தொலையேன், பழி உனக்கெதுக்கு?" என்று ஜெரின் சத்தம் போட்டான்.

"என்னன்னு சொல்ல? பெத்தவகிட்டப் போய் உன் கைதான் கொன்னுச்சுன்னா? தேய்க்காம இருந்தாலும் போயிருப்பானோ என்னமோ. நான் அந்த ரூமை விட்டுப் போயிருக்கக் கூடாது."

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வருவதில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். வள்ளியாத்தாள் சர்க்கரை வியாதிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறாள். ரத்தம் எடுக்க அக்சிலியா பக்கத்தில் போனால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாளாம். அக்சிலியா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறொரு நர்ஸைக் கூப்பிடப் போகிறாள்.