ஐந்து மில்லிமீட்டரும் பின்சீட்டும்

வட ஜெர்மனியில் லேயர் ஊரைச் சுற்றி நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. சாலைகள் நூல் பிடித்தாற்போல நேராகப் போய், கடற்கரை ஓரத்து மண்கரையில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கரைதான் அந்தப் பக்கத்தில் ஏறிப் பார்க்கக்கூடிய ஒரே உயரம். அதன்மேலும் எந்நேரமும் செம்மறி ஆடுகள் நிற்கும். இப்படிப்பட்ட ஊரில் ஓனோ ஹார்ம்ஸ் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வைத்திருந்தார். வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு போவதற்கென்றே செய்த கார் அது. வளைவுதான் கிடைக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும். பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஓனோவும் மனைவி ஆண்ட்யேவும், ஆண்ட்யேவின் அக்கா தாலேயாவும் ஹார்ஸ் மலைக்குப் போவார்கள். அங்கே சாலைக்கு வளைவதைத் தவிர வேறு வேலை இல்லை. மற்ற நாளெல்லாம் அந்தக் கார் ரொட்டிக் கடைக்கும் வேலைக்கும் போய் வந்தது.

ஓனோ பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாய்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தலைமயிரில் பாதி கனம் பல் உயர்ந்தாலும் மனுஷன் சாப்பிடமாட்டான் என்பார். அந்தக் கண்ணோடு ஒருநாள் காரைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டார். கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரங்கள் மட்கார்டுக்குள் ரொம்ப உள்ளே போய் இருந்தன. செட்டைக் கழற்றி வைத்த கிழவரின் வாய் மாதிரி. அதற்கப்புறம் அவருக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

புதுச் சக்கரம் வாங்குவது என்று முடிவானது. பத்தொன்பது அங்குலம் என்பதில் சந்தேகம் வரவில்லை; சந்தேகமெல்லாம் ஆஃப்செட்டில்தான். சக்கரம் காரோடு சேரும் இடம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். நாற்பத்தைந்து வாங்கினால் கூடவே சான்றிதழும் வரும். சக்கரம் மாற்றினால் ஒப்புதல் தரவேண்டிய வாகன ஆய்வு நிலையத்தில் டீ ஆறுவதற்குள் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். நாற்பது வாங்கினால் டயர் மட்கார்டின் விளிம்போடு விளிம்பாக நிற்கும், ஆனால் ஆய்வாளர் தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓனோவோடு சாலையில் உருண்டை உருட்டி விளையாடும் கோஷ்டியில் ஹாயோ என்று ஒருவர் உண்டு. இரண்டு ஆள் உடம்பு. நாற்பத்தைந்தையே வாங்கித் தொலை, அஞ்சு மில்லிமீட்டரை எந்த ஆடு பார்க்கப்போகிறது என்று அவர் பலமுறை சொன்னார். ஓனோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அளவெடுக்க ஓனோ கையாண்ட முறையை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது. வாயில் அளவெடுக்கும் இளஞ்சிவப்புப் பசையை வேலையிடத்திலிருந்து வாளியில் கொண்டுவந்து, பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பினார். பசை இறுகும் வரை காரின் பக்கத்தில் மண்டிபோட்டு, பழக்கதோஷத்தில், "அசையக் கூடாது" என்றுகூடச் சொன்னாராம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் ஓனோ அதிலிருந்து பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்து, சமையலறை மேசையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அளந்தார். நாற்பது என்று வந்தது. நாற்பதேதான்.

அந்த அளவு கடையில் இருப்பில் இல்லை. அவருக்கென்றே துளையிட்டுச் செய்தார்கள். திருப்பி எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வந்த சக்கரங்கள் வசந்தம் வரும்வரை வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றன. விருந்தாளிகள் அவற்றைச் சுற்றி நடந்தார்கள். கார் பனிக்காலச் சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்ததால், பழைய சக்கரங்களை ஓனோ விற்றுவிட்டார்.

இனி ஆண்ட்யே உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் வாங்கிய புதிதில் ஓனோ முன்னிருக்கைகள் இரண்டையும் கழற்றிவிட்டு, பந்தயக் காரில் இருக்கும் கிண்ணம் போன்ற சீட்டுகளைப் போட்டார். ஆண்ட்யேவின் இடுப்பு ஒரே ஒருமுறை அந்தக் கிண்ணத்துக்குள் போனது. வெளியே வர ஹாயோவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் பின்சீட்டு; அதே உடம்புவாகுள்ள அக்காவுக்கும் அங்கேதான் இடம். பக்கத்து ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று கதை பரவியது. உண்மையில் ஆண்ட்யேவுக்குப் பின்சீட்டு ரொம்பப் பிடித்துப்போனது. கால் நீட்டலாம், பின்னல் வேலை செய்யலாம், கரும்பலகை மாதிரி கண்முன்னால் ஓனோவின் பின்னந்தலை இருக்கும். கேட்க விருப்பமில்லாததற்கு, காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம்.

விடுமுறைக்கு முந்தின வாரம் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். கார் நிரம்ப ஆள் ஏற்றிப் பார்ப்போம் என்று ஆய்வாளர் சொல்லியிருந்ததால், ஹாயோவையும் உருண்டைக் கோஷ்டியில் அவருக்கு அடுத்த கனமான தபால்காரரையும் ஓனோ அழைத்திருந்தார். மலைக்குப் போவதற்காக முன்கூட்டியே ஊரிலிருந்து வந்துவிட்ட தாலேயாவும் வேடிக்கை பார்க்க வந்தார். அவரையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். தபால்காரர் முன்னால் கிண்ணத்துக்குள் அமுங்கினார். பின்னால் ஜன்னலோரம் ஆண்ட்யே, நடுவில் ஹாயோ, அந்தப் பக்கம் தாலேயா.

ஆய்வாளர் ஃபோக்கன் குரலை உயர்த்தாத மனிதர். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றச் சொன்னார். கார் ஒரு காலைத் தூக்கிய நாய் மாதிரி சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்த மற்ற மூவரும் ஆண்ட்யேவின் பக்கமாகச் சரிந்தார்கள். ஃபோக்கன் டார்ச்சோடு கீழே படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மட்டும் வந்தது.

"தொடுது, ஹார்ம்ஸ் சார்."

ஓனோ நம்பவில்லை. வண்டியில் வைத்திருந்த பிளாஸ்டர் வார்ப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். ஃபோக்கன் எழுந்து உட்கார்ந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை அழகாக இருக்கிறது என்றார். அளவெடுக்கும்போது காரில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் ஓனோ.

மேலேயிருந்து, ஹாயோவின் தோளுக்கு அடியிலிருந்து, ஆண்ட்யே பேசினார்.

"முப்பது வருஷமா பல்லு செய்யற. அளவெடுத்தப்புறம் கடிச்சுப் பாக்கச் சொல்லமாட்டியா? வாயைத் திறந்தே வெச்சு அளந்திருக்க."

ஓனோவின் முகத்தைப் பார்த்தபோது தபால்காரருக்கே கஷ்டமாக இருந்தது.

ஃபோக்கன் வழிகளைச் சொன்னார். மட்கார்டின் உள்விளிம்பைச் சூடாக்கி மடக்கலாம். ஓனோ கண்ணை மூடிக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினார். நாற்பத்தைந்து வாங்கலாம், அதற்கும் அதே தலையாட்டல். மூன்றாவது வழியை ஃபோக்கன் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். பின்பக்கம் ஏற்றும் எடையைக் குறைத்துப் பதிவு செய்யலாம். பின்சீட்டைக் கழற்றிவிட்டால், காரை இரண்டு பேர் வண்டி என்று எழுதிவிடலாம். சக்கரத்துக்கு ஒப்புதல் உண்டு.

ஓனோ சக்கரத்தைப் பார்த்தார். விளிம்போடு விளிம்பாக, ஈறும் பல்லும் போல நின்றது. பிறகு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"யோசிக்கிறான்," என்றார் ஹாயோ மெதுவாக.

"ஓனோ," என்றார் ஆண்ட்யே. "நான் இங்கேதான் உக்காந்திருக்கேன். நீ எதை யோசிக்கிறியோ அதுமேலதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே சொல்லலை."

கிண்ணத்து சீட்டை மாற்றிவிட்டு ஆண்ட்யேவை முன்னால் உட்கார வைக்கலாமே என்று தபால்காரர் யோசனை சொன்னார். அது ஓனோவுக்குப் பிடித்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் ஆண்ட்யேவுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தால் மலை முழுக்க, ஒவ்வொரு வளைவுக்கும், ஓனோவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பின்சீட்டு என்னுடையது, அதில் பேச்சில்லை என்றார். அதைவிட நீயும் உன் சக்கரமும் மலைக்குப் போங்கள், நானும் அக்காவும் வீட்டில் இருந்துகொள்கிறோம் என்றார். குரலில் கோபமில்லை. ஓனோவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் ஃபோக்கன் பக்கம் திரும்பினார்.

"மூணு பேர் வண்டின்னு எழுதுவீங்களா சார்? பின்னாடி ஒரே ஒரு ஆள்."

ஃபோக்கன் இதுவரை அப்படி எழுதியதில்லை. எழுதக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை. ஒவ்வொருவராக இறங்கச் சொல்லிப் பார்ப்போம் என்று மறுபடி படுத்தார்.

முதலில் ஹாயோ இறங்கினார். கார் பெருமூச்சு விட்டு எழுந்தது.

"இன்னும் தொடுது. லேசா."

பின்சீட்டில் இப்போது அக்காவும் தங்கையும் மட்டும். இருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருஷாவருஷம் சேர்ந்துபோன பயணம். யார் இறங்குவது என்று கேட்கும் தைரியம் ஓனோவுக்கு இல்லை. கீழே படுத்திருந்த ஃபோக்கனுக்கு அந்த முகங்கள் தெரியவில்லை; அவரே சொல்லிவிட்டார்.

"ஒருத்தர் இறங்கினா போதும். யாருன்னு நீங்களே பாத்துக்குங்க."

ஆண்ட்யே கையைப் பிசைந்தார். "அக்கா, நீ தப்பா நினைக்கக்கூடாது—"

அவர் முடிக்கவில்லை. தாலேயா கதவைத் திறந்துவிட்டார். சாய்ந்த காரிலிருந்து கைப்பையை முதலில் கீழே போட்டு, பிறகு தபால்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதுக்குச் சற்று அதிகமான சுறுசுறுப்போடு இறங்கினார்.

"தொடலை," என்றது கீழேயிருந்து குரல். "ஒரு காகிதம் போகுது."

தாலேயா பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஃபோக்கன் வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"அப்ப இனிமே நான் இந்த வண்டில ஏறக்கூடாது. சட்டப்படி."

"ரெண்டு பேரும் சேர்ந்து பின்னாடி உக்காரக் கூடாதும்மா."

"திரும்பி வரும்போதும்?"

"அப்பவும்தான்."

"ரொம்ப நல்ல சட்டம்," என்றார் தாலேயா. மலையடிவாரத்துக் கோஸ்லார் வரைக்கும் ரயில் இருக்கிறது, அதில் காபி தருகிறார்கள், முதுகெலும்பு முதுகிலேயே இருக்கும் என்றார். இத்தனை வருஷமும் தங்கை மனசு கஷ்டப்படுமே என்றுதான் வாயைத் திறக்காமல் வந்தாராம். ஆண்ட்யே அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

பதிவுத் தாளில் மூன்று இருக்கை என்று ஏறியது. தாலேயாவை ஹாயோ தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போகும் வழியில் சாலை நேராகவே இருந்தது. ஓனோ முன்னாலிருந்து, ஐந்து மில்லிமீட்டர் என்பது சும்மா இல்லை என்று ஆரம்பித்தார். எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியும் என்று விளக்கினார். அக்கா பக்கத்தில் இருந்தால் அவளோடு பேசிக்கொண்டே இதெல்லாம் காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம். ஆண்ட்யே காலியான இடத்தில் கையை வைத்துக்கொண்டு, கோஸ்லாருக்கு இன்னும் ஒரு டிக்கெட் கிடைக்குமா என்று யோசித்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.