பழுப்புப் புள்ளி

கிள்ளான் படகுத்துறையில் எடுத்த சிப்பியின் மேல் வெள்ளை வலைபோல ஏதோ படர்ந்திருந்தது. பாசி என்று சுரண்டிப்போடப் பார்த்தேன். பல்கலைக்கழக நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் தெரிந்தது, அது பிரையோசோவா என்னும் விலங்குக் கூட்டம்: வரிசையாகச் சுண்ணாம்பு அறைகள், அறைக்கு ஓர் உயிர். உள்ளே இருக்கும் உடல் அழிந்து பழுப்புப் புள்ளியாகச் சுருங்கும். அதே அறையில் புது உடல் முளைக்கும்.

அந்த வருடம் அப்பா இறந்தார். ரயில்வேக்காரர் செத்தால் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். தூக்க முடியாமல் விட்டுவந்த ஆட்டுக்கல்லை எடுக்கப் பிறகொரு நாள் போனேன். புதிதாகக் குடிவந்திருந்த அக்கா கதவைத் திறந்தார். கூடத்துச் சுவரில் எங்கள் சாமிவிளக்கின் கரி அப்படியே இருந்தது. அதன் கீழே அவர்கள் விளக்கு எரிந்தது.

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தோம், போகல லா தம்பி. சரி, இதான் சாமி எடம்னு நாங்களும் இங்கயே வெச்சிட்டோம்" என்றார்.