கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கச்சேரிகள்

"முன்னாடி உக்காந்திருக்குதே, அந்தப் பொண்ணு கைக்கு இன்னா, வலிப்பா?"

வில்லியனூர்க் கோயில் மண்டபத்தில், எனக்குப் பின்னாலிருந்த ஓர் அம்மாள் பக்கத்து அம்மாளைக் கேட்டது என் காதில் விழுந்தது. வலிப்பு இல்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கச்சேரி கேட்பது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கட்டும். ஆண்கள் தொடையில் தட்டலாம், தலையை ஆட்டலாம், உரக்க 'பலே' போடலாம். நமக்கு உள்ளது புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளும் உரிமை ஒன்றுதான். கை தானாக எழும்பிவிடுகிற சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்குப் புரியும்.

நிபந்தனை

சென்னையில் காலேஜ் விடுதியில் என் அறைத்தோழி பாட்டுக் கற்றவள். அவளிடமிருந்து எனக்குப் பாட்டு ஒட்டவில்லை. தாளம் மட்டும் ஒட்டிக்கொண்டது. படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பியபோது பெட்டியில் புத்தகங்களும் கையில் இந்தப் பழக்கமும் இருந்தன. நான் நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கமாட்டேன். கை அப்படியில்லை.

வலிப்புச் செய்தி இரண்டே நாளில் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா கத்துகிறவர் அல்ல. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைப் பற்றி ஊர் பேசுவது அவருக்குப் பயம். இனிமேல் கச்சேரிக்கு அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, கூடவே வருவாள் என்றார். பிறகு சொன்னார்: "இன்னொரு வார்த்தை என் காதுல வுழுந்துச்சுன்னா, கச்சேரி கிச்சேரி எல்லாம் அத்தோட நின்னுபூடும்."

அத்தையின் பிடி

அத்தை எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அடுத்த உற்சவத்தில் நாகசுரம் தொடங்கியதும் என் வலக்கையைப் பிடித்துத் தன் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்குப் பாசமான அத்தை. எனக்கோ நெல் மூட்டை தூக்கிப் பழகிய பிடி.

தோடி ராகத்தில் ஆலாபனை நடந்தவரை தப்பித்தேன்; ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. கீர்த்தனை வந்து தவில் சேர்ந்ததும் வந்தது வினை. கை அசைந்தால் கச்சேரியே போய்விடும். அசையாவிட்டால் கேட்ட மாதிரியே இல்லை. என்னை அறியாமல் கால் கட்டைவிரல் வேலையை எடுத்துக்கொண்டது. பாய் ஆடியது. பாயின் மறுகோடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்து அழுதது. அத்தை குனிந்து என் காதில் சொன்னாள்: "காலையும் புடிச்சுக்கணும்னா எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்டி."

நோட்டுப் புத்தகம்

பாகூரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம், சாயங்காலம் கச்சேரி. வில்லியனூரும் பிரெஞ்சுக்காரன் ஊர், பாகூரும் பிரெஞ்சுக்காரன் ஊர். நடுவில் மட்டும் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தி, துணிமூட்டை வரைக்கும் அவிழ்ப்பார்கள். அப்பா முன்வண்டியில் போய்விட்டார். எங்கள் வண்டியில் சாவடிச் சேவகருக்கு அகப்பட்டது என் நோட்டு. பக்கம் பக்கமாகக் கோடும் சுழியும். எந்தப் பாட்டு தாளத்தின் எந்த அடியில் தொடங்குகிறது என்று குறித்து வைத்திருந்தேன்.

"இது இன்னா ரகசிய பாஷை?" என்றார். இந்த விஷயம் அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் ஓடவில்லை. அத்தைதான், "பாட்டுக் கணக்குங்க அது," என்றாள். அப்படியானால் ஓர் அடி பாடிக் காட்டச் சொன்னார் அவர். எனக்குப் பாட வராது என்று அத்தை ஒப்புக்கொண்டாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "பாடத் தெரியாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

நோட்டைத் துணிமூட்டைக்கு அடியில் திணித்துக்கொண்டேன்.

பாகூர்ப் பந்தல்

பாடகருக்கு இருபது வயதுதான் இருக்கும். மிருதங்கக்காரர் நரைத்தவர். பாடகருக்கு நேர் எதிரே கல்யாணப் பெண்ணின் தகப்பனார், அதாவது அப்பாவின் சிநேகிதர், மடியில் வெற்றிலைத் தட்டோடு. ஆண்கள் பக்கம் அப்பா. பெண்கள் பக்கம் நான்; என் கை அத்தையின் தலைப்புக்குள்.

பெரிய பாட்டு வந்தது. அது தாளத்தின் முதல் அடியில் தொடங்காது. கொஞ்சம் தள்ளித் தொடங்கும். தகப்பனாரோ பாட்டு தொடங்கிய இடத்தையே முதல் அடியாக எடுத்துக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி தொடையில் அடித்தார். கல்யாண வீட்டுக்காரரின் கை தப்பு என்று எந்தப் பாடகர் சொல்வார்? முதலில் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு சமாளித்தார். பாட்டு முடிந்து மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தபோது, தாளத்தைக் காட்டவேண்டிய பாடகருடைய கை தகப்பனாரின் கையோடு போக ஆரம்பித்தது. பாதி வழியில் அவருக்கே சந்தேகம் வந்து, கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

மிருதங்கக்காரர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார். தப்பான இடத்தில் முடித்தால் அத்தனை பேருக்கு முன்னால் அவர் மானம் போகும். பாடகரைப் பார்த்தார். பிடிலைப் பார்த்தார், பிடில்காரர் குனிந்து வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் கூட்டத்தில் சரியான ஒரு கையைத் தேடி ஆண்கள் பக்கம் முழுக்கப் போய், பெண்கள் பக்கம் வந்தது.

தலைப்புக்குள் என் விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன. ஒரு வருஷமாக அந்த விரல்களைப் பிடித்துப் பிடித்து அத்தைக்கும் ஏதோ பிடிபட்டிருக்கவேண்டும்.

"அந்த ஆளு தப்பாத்தான் போடுறாரு, இல்ல?" என்றாள்.

"ஆமாம் அத்தை."

"உன்னுது?"

"சரிதான்."

அத்தை நிமிர்ந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள். அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் கையைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி என் முழங்கால்மேல் வைத்து, பிடியை விட்டாள்.